தபசுகாலத்தில் ட்றம்ஸ் இல்லை

பேஸ் கிற்றாரின் தடித்த கம்பியை நாயாற்று ஐஸ் அறைக்குள் முதன்முதலாகத் தட்டியபோது கூரையிலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. அலறினேன். ஆனால் கை கம்பியை விடவில்லை. அப்படியொரு சத்தத்தை என் முப்பத்திரண்டு வயதுக்குள் நான் கேட்டதில்லை. அது காதில் கேட்கவில்லை, முழங்காலில் கேட்டது.

"ரீச்சர், நிப்பாட்டாதேங்கோ!" என்று கிற்றார்காரன் கத்தினான். நிற்பாட்ட எனக்கென்ன விசரா?

பல்லி விழுந்த பலன் நல்லதா கெட்டதா என்று சொல்ல அந்த அறைக்குள் ஒருவருக்கும் தெரியாது. கிற்றார்காரன் முஸ்லிம். ட்றம்ஸ்காரன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன். நானோ பஞ்சாங்கத்தை விடுமுறை எப்போது என்று பார்க்க மட்டும் திறக்கிற சைவக்காரி. இந்த மூன்று பேரும்தான் எங்கள் பேன்ட். எங்கள் மூன்று வீட்டுக் கலண்டரும் சேர்ந்து பிறகு எங்கள் காலை வாரிவிட்டன என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நான் நெளுக்குளத்தில் ஒரு ரியூசன் கொட்டிலில் கணிதம் படிப்பிக்கிறேன். கிற்றார்காரன் வவுனியா ரவுணில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். புத்தளத்தில் பிறந்து, தாய் தகப்பன் ஊருக்குத் திரும்பியபோது கூடவே வந்தவன். என்னுடைய போன் கண்ணாடி வெடித்து அவனுடைய கடைக்குப் போன அன்று, மேசையில் ஒரு பால்மாத் தகரப் பேணி இருந்தது. பேணிக்குள்ளிருந்து வயர் வந்து ஒரு கிற்றாரில் ஏறியிருந்தது. பழுதான ரேடியோச் சாமான்களைப் பேணிக்குள் வைத்து ஈயத்தால் பற்றாசு ஒட்டி, கிற்றாரின் சத்தத்தைக் கிழித்துப் பெருக்குகிற பெட்டி ஒன்றை அவனே செய்திருந்தான். "சும்மா ஒருக்காத் தட்டிப் பாருங்கோ" என்றான். தட்டினேன். போன் திருத்த வந்ததை மறந்துபோய் பகல் ஒரு மணி வரைக்கும் அங்கேயே நின்றேன்.

ட்றம்ஸ்காரன் நாயாற்றில் கடற்தொழில் செய்கிறவன். அவனை முல்லைத்தீவில் ஒரு கலியாணவீட்டில் கண்டுபிடித்தோம். வாடகைக்கு வந்த இசைக்குழுவில் இருந்து அவன் அடித்த அடியில் மாப்பிள்ளை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பெண்வீட்டுக்காரர் "தம்பி, கொஞ்சம் மெதுவா" என்று மூன்று தரம் ஆள் அனுப்பினார்கள். மூன்றாவது தரத்துக்குப் பிறகு இன்னும் பலமாக அடித்தான். இவன்தான் நமக்கு ஏற்ற ஆள் என்று நானும் கிற்றார்காரனும் ஒரே நேரத்தில் எழும்பினோம். இரண்டு பேரும் கலியாணச் சாப்பாட்டைப் பாதியில் விட்டது அந்த ஒருநாள்தான்.

எங்கள் சத்தத்தை எப்படிச் சொல்வது? இருட்டு ரொக் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்காது. "பேன்ட் எண்டால் விளையாட்டுப்போட்டிக்கு வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கிறதே?" என்று என் அம்மா கேட்டார். இல்லை அம்மா. மழைக்கு முன்னால் வானம் கறுத்து, காற்றும் அடிக்காமல் மழையும் விழாமல் ஒரு நேரம் நிற்குமே, அந்த நேரத்தைக் கம்பியில் வாசிக்கிறோம். மெதுவாக, கீழே, பாரமாக. ஆடுவதற்கு அது உதவாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "யுத்தத்தைப் பற்றியா?" என்று கேட்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். வன்னியில் ஒருத்தி கிற்றாரைக் கையில் எடுத்தால் அழுவதற்குத்தான் எடுக்கவேண்டுமா? அந்தச் சத்தத்துக்காக எடுத்தேன். அதற்குள் நிற்கும்போது எனக்குச் சந்தோஷம் தாங்காது. இருட்டான இசை மனதை இருட்டாக்கும் என்று சொல்கிறவர்கள் ஒரு நாளும் அதைப் பலமாகக் கேட்டதில்லை.

வாசித்துப் பழகுவதற்கு இடம் தந்தது நாயாறு. ட்றம்ஸ்காரனின் மாமாவுடைய காணியில், முன்பு மீனுக்கு ஐஸ் அடுக்கிய அறை ஒன்று சும்மா கிடந்தது. சுவருக்குள் ஒரு சாண் தடிப்புக்குக் குளிர் காக்கிற நுரை அட்டை, றெஜிபோம், ஒரு யன்னலும் இல்லை, கதவோ பெட்டகத்துக் கதவுபோல. உள்ளே அடிக்கிற சத்தம் வெளியே போகாது. கழுவக் கழுவ மீன் மணமும் போகாது. கிழமைக்கு ஒருநாள் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு தாண்டிப் போவோம். கிற்றார்காரன் அம்பிளிபயரை மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் கட்டிக்கொண்டு முன்னால் போவான், நான் முதுகில் பேஸோடு ஸ்கூட்டியில் பின்னால் போவேன். ஒரே சைக்கிளில் போனால் நெடுங்கேணி தாண்டுமுன் எங்களைப் பற்றிய கதை நெளுக்குளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எங்களிடம் எல்லாம் இருந்தது, ஒரு குரலைத் தவிர. கிற்றார்காரன் பாடினால் பஸ் கொண்டக்டர் ஊர்ப்பெயர்களைக் கூப்பிடுவதுபோல இருக்கும். நான் ஒருநாள் பாடிப் பார்த்தேன். இரண்டு பேரும் மரியாதையாக நிலத்தைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் பாடவில்லை. ட்றம்ஸ்காரனை யாரும் கேட்கவில்லை. அடிக்கிறவனிடம் யார் பாட்டுக் கேட்கிறார்கள்?

எங்கள் பாட்டுகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிது. அந்தக் கதை ட்றம்ஸ்காரனுடையது. இரண்டு வருடத்துக்கு முன் அவனும் இன்னொருவரும் கடலுக்குப் போனபோது படகின் எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு நாள் இழுபட்டுப் போய் திருகோணமலைப் பக்கத்தில்தான் வேறு படகு கண்டு ஏற்றியது. இதை அவன் ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மூன்றே வசனத்தில் சொன்னான். "எஞ்சின் நிண்டுது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பயம்." நாங்கள் அதைப் பாட்டாக்கினோம். பாட்டின் நடுவில் கிற்றாரும் பேஸும் சட்டென்று நிற்கும். ட்றம்ஸ் மட்டும் தனியே பதினாறு அடி அடிக்கும், ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுகிறமாதிரி. அந்தப் பதினாறும்தான் பாட்டின் உயிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி நாங்கள் ஐஸ் அறைக்குள் பல்லிகளுக்கு வாசித்துக்கொண்டிருக்க, வவுனியாவில் ஒரு மண்டபத்தில் வாசிக்க வருகிறீர்களா என்று சில இளைஞர்கள் கிற்றார்காரனைக் கேட்டார்கள். நாலு பேன்ட். கொழும்பிலிருந்து இரண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்று, நாங்கள். எங்களுக்கு முதல் மேடை! செய்தியைக் கேட்டபோது நான் கரும்பலகையில் வட்டம் ஒன்று கீறிக்கொண்டிருந்தேன். அந்த வட்டம் எந்தத் தேற்றத்துக்கு என்று பிறகு நினைவுக்கு வரவேயில்லை.

எந்த நாள் வசதி என்று கேட்டார்கள். கிற்றார்காரன் நோன்பு எப்போது முடிகிறது என்று பார்த்து, "பெருநாள் முடிஞ்சு வாற சனிக்கிழமை" என்று எங்கள் வாட்சப்பில் போட்டான். நான் சித்திரை வருஷத்துக்கு முன்னமா, கோயில் திருவிழா ஏதும் குறுக்கே வருகிறதா என்று பார்த்து "ஓம்" என்றேன். ட்றம்ஸ்காரன் ஒரு கட்டைவிரலைப் போட்டான். மூன்று பேரும் அவரவர் கலண்டரைப் பார்த்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

நோன்பு மாதம் கிற்றார்காரன் கிற்றாரைத் தொடமாட்டான். ஆகவே வாசித்துப் பழகுவதையும் நிற்பாட்டிவைத்தோம். அந்த மாதம் முழுக்க நான் நாயாற்றுப் பக்கம் போகவில்லை. பெருநாளன்று கிற்றார்காரன் வீட்டு வட்டிலப்பம் எனக்கு வந்தது. அதற்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, ரியூசனை நிற்பாட்டிவிட்டு நாயாற்றுக்குப் பறந்தோம். சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

ஐஸ் அறைக் கதவைத் திறந்தால் ட்றம்ஸின் மேல் பழைய வலை ஒன்று போர்த்திக் கட்டியிருந்தது. பக்கத்தில் ட்றம்ஸ்காரன் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

"ரீச்சர்," என்றான், "தபசுகாலம்."

"அதுக்கு?"

"ஈஸ்டர் வரைக்கும் நான் மேளத்திலை கை வைக்கேலாது. அம்மாவின்ரை நேர்த்திக்கடன்."

ஈஸ்டருக்கு இன்னும் மூன்று கிழமை கிடந்தது. வேதக்காரருக்கு அதற்கு முந்திய நாற்பது நாளும் தபசுகாலம், கொண்டாட்டம் இல்லை. அது எனக்குத் தெரியும். தாய் ஒருத்தி அதற்கு மேல் நேர்த்தியும் வைத்திருப்பார் என்று எனக்கெப்படித் தெரியும்? நாங்கள் பேன்ட் தொடங்கியது போன வருடம் ஈஸ்டர் முடிந்த பிறகு. இதுதான் நாங்கள் சேர்ந்து கண்ட முதல் தபசுகாலம். ஒரு மாதமாக அவன் அடிக்காமல் இருந்தது, கிற்றார்காரன் நோன்பு என்பதால் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"அப்ப ஏன்டா கட்டைவிரலைப் போட்டனீ?"

"ஈஸ்டர் ஒவ்வொரு வருஷமும் மாறும் ரீச்சர். நான் எண்ணிப் பாக்கேல்லை. பிறகு சொல்லப் பயமாப் போச்சு."

அன்று என் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. நான் கோபக்காரி, அது என் மாணவர்களுக்கும் தெரியும். நீயெல்லாம் ஒரு ட்றமரா என்று கேட்டேன். அவன், "நீங்கள் வேறை ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் கோவிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் களப்புக் கரையில் குந்திவிட்டான். கிற்றார்காரன் எனக்குக் கேட்க, "மச்சான் இல்லாட்டி நானும் இல்லை" என்றான். "நீ பேசாமல் இரு" என்று அவனுக்கும் விழுந்தது.

உடனே பளையில் இருக்கும் ஒரு ட்றம்ஸ்காரருக்கு போன் எடுத்தேன். கலியாணவீடுகளுக்கு வாசிக்கிறவர், நல்ல மனிதர்.

"வாறன் ரீச்சர். குத்துப்பாட்டுத்தானே?"

"குத்தில்லை. மெதுவான பாட்டு."

"மெதுவா எண்டால்? தாலாட்டே?"

வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. ஐஸ் அறையின் சத்தத்தை அவர் எப்படி அடிப்பார்? அந்தப் பதினாறும் எஞ்சின் நின்றவனுடைய அடி. அவன் இல்லாமல் மேடையேறினால் அது எங்கள் பேன்ட் இல்லை. ஏறாவிட்டால் முதல் மேடையும் இல்லை. ஒன்றில் தாயிடம் போய்க் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் சண்டை பிடிக்கவேண்டும். இரண்டுக்கும் ஆயத்தமாகப் போனேன்.

ட்றம்ஸ்காரனின் தாய் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மகனுக்கு அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"அன்ரி, ஒருநாளைக்கு மட்டும் விடுங்கோ. சனிக்கிழமை மட்டும்" என்றேன்.

"மாதாவோடை ஒருநாளைக்கு மட்டும் எண்டு கதைக்கேலுமோ பிள்ளை?"

"அப்ப வேறை ஏதும் நேர்ந்திருக்கலாம்தானே. மெழுகுதிரி, மாலை..."

அவர் கருவாட்டுத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு நாள் அவன் கடலிலை. தபசுகாலம். நான் கோயில் வாசலிலை கிடக்கிறன். என்னட்டை இருந்ததிலை அவனுக்கு ஆகப் பிடிச்சது என்னெண்டு யோசிச்சன். சின்னனிலை இருந்து கோப்பை, வாளி, வள்ளம் எல்லாத்திலையும் அடிப்பான். ஒவ்வொரு தபசுகாலமும் அதை விடுறதெண்டுதான் நேர்ந்தனான். பிடிக்காததை நேர்ந்தால் மாதா சிரிப்பா." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அவன் வந்தான். ஆனால் அங்கை என்ன நடந்தது எண்டு கேட்டால், 'ஒண்டுமில்லையம்மா.' இண்டைக்கு வரைக்கும் அதைத்தான் சொல்லுறான்."

சண்டைக்கு வந்தது மறந்துபோனது. போகலாம் என்று திரும்பியபோது, பின்னேரம் பசான் பாடப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். "வந்தனீ, இருந்திட்டுப் போ" என்று கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். இயேசுவின் பாடுகளைத் தபசுகாலத்தில் ஒப்பாரிபோல இழுத்துப் பாடுவதற்குத்தான் பசான் என்று பெயர். கேள்விப்பட்டிருந்தேன், கேட்டதில்லை.

தாய் தொடங்கினார். ஒரு வாத்தியமும் இல்லை. ஆண்குரல் அளவுக்குக் கீழே போகிற குரல். ஒரு சொல்லை எடுத்து, அது முடிந்த பிறகும் விடாமல் இழுத்து, இன்னும் கீழே கொண்டுபோய் வைத்தார். மற்றப் பெண்கள் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துத் தொடர்ந்தார்கள். என் கையில் மயிர் எழும்பி நின்றது. ஐஸ் அறையில்போல இதுவும் முழங்காலில் கேட்டது. இதைத்தானே நாங்கள் பால்மாப் பேணிக்குள் வயர் ஒட்டி ஒட்டித் தேடிக்கொண்டிருக்கிறோம்! ஒரு வருடமாக இரண்டு வளவு தள்ளி இந்தக் குரல் இருந்திருக்கிறது!

பிறகு பின்னாலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. எல்லாக் குரலுக்கும் அடியில், தரைபோல. திரும்பிப் பார்த்தேன். வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு, கைகள் இன்னும் பைக்குள் இருக்க, எங்கள் ட்றம்ஸ்காரன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான். பாடகன் இல்லை, பாடகன் இல்லை என்று கத்திக்கொண்டு, அவனை ஒரு வருடமாக ட்றம்ஸுக்குப் பின்னால் இருத்தி வைத்திருந்தோம். பசான் முடியும்வரை கதிரையில் இருப்பது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. கடைசிச் சொல் அடங்கியதும் தாயிடம் ஓடினேன்.

"அன்ரி, நேர்த்தி அடிக்கிறதுக்குத்தானே? பாடுறதுக்கு இல்லைத்தானே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடிக்கக்கூடாது எண்டுதான் நேர்ந்தனான்."

"அப்ப அவன் பாடலாம்!"

"பசான் பாட்டை மேடையிலை பாடக்கூடாது. அது கர்த்தருக்கு. இழுவையை வேணுமெண்டால் எடுங்கோ. சொல்லை எடாதேங்கோ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் வருவன். அவன் அடிக்கிறானோ எண்டு பாக்க" என்றார்.

முற்றத்திலேயே நின்று பளைக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு ட்றம்ஸ்காரனிடமும் கேட்டேன். அது போனில் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. "பரவாயில்லை ரீச்சர், நீங்கள் கத்தினது சரியான ஸ்ருதியிலை இருந்தது" என்றான். அவனுக்கு அடித்தாலும் தகும் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் ரியூசனுக்கு லீவு விட்டுவிட்டு நாயாற்றுக்கும் வவுனியாவுக்கும் ஓடினோம். என் வாழ்க்கையில் அப்படி மூன்று நாள் இன்னும் வரவில்லை. வலை மூடிய ட்றம்ஸுக்கு முன்னால் அவன் நின்று, நாங்கள் முன்னமே எழுதி வைத்திருந்த வரிகளைப் பசான் இழுவையில் பாட, கிற்றார்காரன் பேணியைத் திருகித் திருகி அந்தக் குரலுக்குக் கீழே ஒரு புகைச்சலை விரித்தான். தாளத்தை நான் பேஸில் எடுத்துக்கொண்டேன். பாடும்போது அவனுடைய விரல்கள் தன்பாட்டில் தொடையில் தட்டத் தொடங்கின. கதவடியில் காவலுக்கு நின்ற தாய் விடவில்லை.

"தொடையிலை அடிச்சாலும் அடிதான்."

அதற்குப் பிறகு அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பாடினான், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைபோல.

எல்லாம் சரிவந்தது, அந்தப் பதினாறைத் தவிர. எஞ்சின் பாட்டின் நடுவில் ட்றம்ஸ் தனியே அடிக்கும் இடத்தில் நான் பேஸ் வாசித்துப் பார்த்தேன். சோற்றுக்குள் கல் கடிபட்டதுபோல இருந்தது. கிற்றார்காரன் ஓலமிட்டுப் பார்த்தான். அதைவிட மோசம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ட்றம்ஸ்காரன், "அதைச் சும்மா விடுங்கோ. நான் மனதுக்குள்ளை பதினாறு எண்ணுறன். எண்ணி முடியப் பாடுறன்" என்றான். எங்கள் வேகத்தில் பதினாறு எண்ண அரை நிமிசம் போகும். மேடையில் அரை நிமிசம் ஒன்றும் செய்யாமல் நிற்பதா? வேறு வழி இல்லை, ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நாலு மணி. மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. வவுனியா வெயிலில் கறுப்பு ரீசேர்ட் போட்டு வியர்த்து வழிந்துகொண்டு அத்தனை பிள்ளைகள்! இவர்கள் இவ்வளவு நாளும் எங்கே இருந்தார்கள்? என் மாணவி ஒருத்தி ஓடிவந்து, "ரீச்சர், திரிகோணகணிதமும் நீங்களா, இதுவும் நீங்களா?" என்று கேட்டாள். இரண்டும் நான்தான் என்றேன். பெருமையில் எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடிவிட்டது. முன்வரிசையின் நடுவில், வெள்ளைச் சேலையும் செபமாலையுமாக, ட்றம்ஸ்காரனின் தாய்.

எல்லா பேன்டுக்கும் பொதுவாக ட்றம்ஸ் ஒன்று மேடையில் இருந்தது. எங்கள் முறை வந்ததும் நடத்துகிற தம்பி ஓடிவந்தான்.

"உங்கடை ட்றமர் எங்கை?"

"இந்தா நிக்கிறார்."

"அப்ப ஏன் போய் இருக்கேல்லை?"

"தபசுகாலம்" என்றேன். அவன் வாயைத் திறந்து, மூடி, இறங்கிப் போய்விட்டான்.

முதல் கம்பியைத் தட்டினேன். அந்தப் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து என் பேஸ் வெளியே வந்து மண்டபத்தின் கதிரைகளையெல்லாம் ஒருமுறை உலுக்கியது. ஐஸ் அறையில் மூன்று பேருக்குக் கேட்டது இப்போது எல்லோருடைய முழங்காலிலும் கேட்டிருக்கும். கிற்றார்காரன் பேணியை மிதித்தான். ட்றம்ஸ்காரன் கைகளைப் பின்னால் கோத்து, கண்ணை மூடி, கீழே இறங்கினான். முதல் வரியிலேயே கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். இரண்டாவது பாட்டில் கறுப்பு ரீசேர்ட்டுகள் தலையை மெதுவாக ஆட்டத் தொடங்கின. மூன்றாவதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இருட்டு ரொக் வாசிக்கிறவள் மேடையில் பல்லைக் காட்டக்கூடாதாம். யார் சொன்னது?

கடைசியாக எஞ்சின் பாட்டு. நடுப்பகுதி வந்தது. நானும் கிற்றார்காரனும் ஒரே வீச்சில் கம்பியைப் பொத்தினோம்.

ஒன்று. இரண்டு. சனம் முழுவதும் நிமிர்ந்து மேலே மின்விசிறியைப் பார்த்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து. ஆறு. மின்விசிறியிலிருந்து இறங்கிய கண்கள் எல்லாம் வெறுமனே இருந்த ட்றம்ஸுக்குப் போய், அதற்கு முன்னால் கைகளைப் பூட்டிக்கொண்டு நிற்பவனிடம் வந்தன. யாரும் இருமவில்லை. பத்து. பதினொன்று. முன்வரிசையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. தாய் மகனைப் பார்த்தபடி இருந்தார். பதினாறு. அவன் வாயைத் திறந்தான்.

பாட்டு முடிந்ததும் எழுந்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. கொழும்பிலிருந்து வந்த ட்றம்ஸ்காரர் ஒருவர் எங்களிடம் வந்து, அந்த அமைதியை யார் யோசித்தது என்று கேட்டார். மாதா என்றான் கிற்றார்காரன். தாய் "சாப்பிட்டியளோ?" என்று மட்டும் கேட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

இரண்டு கிழமையில் ஈஸ்டர். அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் ஐஸ் அறையில் நின்றோம். ட்றம்ஸ்காரன் வலையை அவிழ்த்தான். இரண்டு தடியையும் எடுத்து, ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு அடித்தான் பாருங்கள், நாற்பது நாள் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டதுபோல! பல்லிகள் கூரையை விட்டு ஓடின. நான் துள்ளினேன். நேரே எஞ்சின் பாட்டுக்குப் போனோம். இப்போது எங்களிடம் குரலும் இருந்தது, ட்றம்ஸும் இருந்தது. அவன் அடித்துக்கொண்டே பாடினான். நடுவில் நாங்கள் நிற்க, பதினாறு அடியும் இடியாக இறங்கின. ஆகா, பேன்ட் முழுதாகிவிட்டது என்று நான் கத்தினேன்.

கதவடியில் தாய் நின்றார். கையில் புட்டும் கணவாய்க் கறியும். அவற்றைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, அந்த இடத்திலை அடியாதை."

"ஏனம்மா? நேர்த்தி முடிஞ்சுதுதானே."

"முடிஞ்சுது. மற்ற எல்லா இடத்திலையும் நல்லா அடி. அதிலை மட்டும் வேண்டாம்." அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "ரெண்டு வருஷமாக் கேக்கிறன், அங்கை என்ன நடந்தது, நீ எப்பிடி இருந்தனீ எண்டு. ஒண்டுமில்லை எண்டுதானே சொன்னனீ. அண்டைக்கு மண்டபத்திலை அது வரேக்கைதான் எனக்குத் தெரிஞ்சது."

ட்றம்ஸ்காரன் தாயைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை. எஞ்சின் நின்ற இடத்தில் உலகத்திலேயே பெரிய சத்தத்தைப் போட்டு ஒரு வருடமாகப் பெருமைப்பட்டவள் நான்தானே.

"முதலிலை இருந்து" என்றேன்.

வாசித்தோம். அந்த இடம் வந்தது. அவன் தடிகளை மடியில் வைத்தான். நான் பதினாறு வரைக்கும் எண்ணினேன். வாசலில் தாயின் உதடுகளும் எண்ணிக்கொண்டிருந்தன.